பெரட்டுக்களம் தாண்டினால் கோயில்

தமிழை இணையத்தில் ஏற்றும்போது வரிகளுக்கு நடுவே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இடம் விட வேண்டும். பலர் இதைக் கவனிப்பதில்லை. மேல்வரியின் காலும் கீழ்வரியின் தலையும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். வாசிக்கிறவருக்குக் காரணம் தெரியாது. இரண்டு பத்தி படித்ததும் கண் களைத்து வேறு எங்காவது போய்விடுவார். நான் இடம் விடுவேன். பேச்சிலும் எனக்கு அதே பழக்கம். அதனால் நடுவில் நான் சற்று நேரம் பேசாமல் இருந்தால், எதையோ மறைக்கிறேன் என்று நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர்.

என் பெயர் அர்ச்சுனன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சிரம்பானை ஒட்டிய ராசாவில் பஸ் திரும்பும் முனைக்குப் பின்னால் உள்ள வீட்டு வரிசையில் இருக்கிறேன். மனைவி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டுக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. "ஒங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரு போதும்லா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அது உண்மைதான்.

அந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரு வலைத்தளம். கோலா சாவாவுக்கு உள்ளே, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பற்றியது. அதற்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் ஆட்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. எங்களுக்கு அது கொய்யாமரத் தோட்டம். ரப்பர் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். ஆட்கள் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் போனார்கள். எல்லாத் தோட்டங்களிலும் நடந்ததுதான். நான் அதற்காக அழுகிறவன் இல்லை. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒன்றை ஒழுங்காக எழுதி, ஒழுங்காக அடுக்கி, அவ்வப்போது தூசி தட்டி வைப்பது. எனக்குக் கிடைத்தது ஒரு தோட்டம். வேறொருவனுக்குத் தபால்தலை கிடைத்திருக்கும்.

தளத்தை நானே படித்து, நானே கட்டினேன். யாரோ செய்து வைத்த சட்டத்துக்குள் எழுத்தைக் கொட்டுகிறவன் அல்ல நான். லயம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில், எப்படிப் போவது என்று பக்கங்கள். ஒரு பத்தியை முடிக்க எனக்கு வாரக்கணக்கில் ஆகும். ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் ஒரு பிற்பகல் முழுவதும் அப்படிப் போகும். ஆண்டுக்கு ஒரு முறை தளம் முழுவதையும் பிரித்து மறுபடி கட்டுவேன். எழுத்துருவை மாற்றுவேன், பட்டியலை இடமிருந்து மேலே கொண்டுபோவேன், படங்களைச் சுருக்குவேன். முடிந்தபின் பார்த்தால் வெளியாளுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

தளத்தில் வருகைப் பதிவு என்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். வருகிறவர்கள் தங்கள் பெயரையும் நாலு வார்த்தையும் எழுதிவிட்டுப் போகலாம். தொடர்ந்து எழுதியவர் ஒரே ஒருவர். தனலெட்சுமி. எங்கள் லயத்தில் இரண்டு கதவு தள்ளி இருந்தவர், இப்போது புக்கிட் பெலண்டோக்கில் மகனோடு. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைத்துக்கொண்டிருந்தவர். நான் எதைப் போட்டாலும் படித்துவிட்டு எழுதுவார். அவருடைய அம்மா, பால் வெட்டப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகையில் வேலை பார்த்தவர். எல்லாத் தொட்டில் கயிற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, அதை ஒரு காலால் இழுத்து ஆட்டிக்கொண்டே கையால் கோணி தைப்பார். அதை ஒரு பத்தியாக எழுதினேன். தனலெட்சுமி ஃபோனிலேயே கூப்பிட்டுவிட்டார். "அண்ணே, அந்தக் கயிறு கிறீச் கிறீச்சுன்னு கேக்கும்ல, அது எனக்கு இப்ப கேட்டுச்சுண்ணே" என்றார். நான் கயிற்றின் சத்தத்தைப் பற்றி எழுதவே இல்லை. அவருக்குக் கேட்டிருக்கிறது. எழுதுகிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்.

சுகுமாறனை உங்களுக்குத் தெரியும். நீங்கள் பிடித்து, இப்போது ஜாமீனில் விட்டிருப்பவன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் தோட்டத்து ஆள், என்னைவிடச் சின்னவன், கோயில் திருவிழாக் கமிட்டியின் செயலாளர். எந்தக் கூட்டத்திலும் ஒலிபெருக்கி முதலில் அவன் கைக்குத்தான் போகும். முகநூலில் தோட்டத்தின் பெயரில் ஒரு பக்கம் தொடங்கினான். ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒருநாள் அந்தத் தொட்டில் பத்தி அங்கே இருந்தது. என் பத்தி, முற்றுப்புள்ளி உட்பட. கீழே, ஆக்கம்: சுகுமாறன்.

பிறகு தேடிப் பார்த்தேன். லயம், பள்ளிக்கூடம், கோயில், எல்லாம் அங்கே இருந்தது. ஓரிடத்தில் நான் கவனக்குறைவாக 'கோயிலில்' என்பதைக் 'கோயிலிலில்' என்று அடித்திருந்தேன். அவன் பக்கத்திலும் கோயிலிலில். வாசிக்கக்கூட இல்லை, அப்படியே அள்ளியிருக்கிறான்.

அவனை நேரில் கேட்டேன். ராசாவில் லியாக்கத் அலி கடையில், காலைப் பசியாற வந்திருந்தான். நான் மெதுவாகத்தான் கேட்டேன். அவன்தான் கடை முழுக்கக் கேட்கும்படி பேசினான்.

"தோட்டம் எல்லாருக்கும் பொதுண்ணே. ஒங்க வீட்டுச் சொத்தா?"

தோட்டம் பொது, வாக்கியம் பொது இல்லை என்றேன்.

"வாக்கியமாம்லா." அவன் பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்துச் சிரித்தான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க எழுதி ஒங்க வெப்சைட்ல வச்சா ஈ பாக்கும். நான் எடுத்துப் போட்டா சனம் பாக்குது. குப்பைல கெடந்ததக் கழுவி கோயில்ல வச்சிருக்கேன். நீங்கதான் எனக்கு ஒரு கிளாஸ் தே தாரே வாங்கிக் குடுக்கணும்."

மேசைகளில் சிரித்தார்கள். லியாக்கத் அலி கல்லாவில் இருந்தபடியே, "தோட்டத்த விட்டு வந்து முப்பது வருசமாச்சு, இன்னும் ரெண்டு பேரும் தண்ணிக் கொழாய்ல வாளியோட சண்டைக்கு நிக்கிற மாதிரியே நிக்கிறீங்களே" என்றார். அதற்கும் சிரித்தார்கள். நான் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, எழுந்து வந்தேன்.

அதை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஈ என்றதைக்கூட. வீட்டுக்கு வந்து அவன் பக்கத்தைத் திறந்து, தொட்டில் பத்தியின் கீழே யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்தேன். தனலெட்சுமி எழுதியிருந்தார்: "தம்பி சுகு, எங்கம்மாவ கண்ணு முன்னாடி நிறுத்திட்டப்பா. அழுதிட்டேன். ஒனக்குள்ள இப்படி ஒரு எழுத்தாளன் இருக்கான்னு தெரியாமப் போச்சே."

அதே பத்தி. நான் எழுதியபோது ஃபோனில் கூப்பிட்ட அதே பெண்மணி. அவருக்கு வாக்கியம் நினைவில் இல்லை. மறந்திருக்கலாம், வயதாகிறது என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒருவருடைய நடையை இத்தனை ஆண்டு படித்தவருக்கு, கீழே வேறு பெயர் போட்டிருந்தால் ஒரு சின்ன உறுத்தலாவது இருக்க வேண்டாமா? உறுத்தவில்லை. அதன்பின் என் வருகைப் பதிவில் அவர் எழுதவில்லை.

நான் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு ரம்புத்தான் மரம் இருந்தது. சிவப்புப் பழம். என் பக்கத்தில் அதை மஞ்சள் பழம் என்று மாற்றினேன். வாரம் முடிவதற்குள் சுகுமாறன் பக்கத்தில் மஞ்சள் ரம்புத்தான் காய்த்துவிட்டது. அதில் எனக்கு வியப்பில்லை. கீழே வந்தவைதான் வியப்பு. "ஆமா, மஞ்சப்பழம், நெனவிருக்கு" என்று ஒருவர். "செவப்ப விட அதுதான் இனிப்பு" என்று ஒருவர். அந்த மரத்தில் ஏறி விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர்கூட மஞ்சள் என்றார். தனலெட்சுமி, தன் அம்மா அந்த மஞ்சள் பழத்தை முந்தானையில் கட்டிக்கொண்டு வருவார் என்று எழுதினார்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. நான் ஒரு சொல்லை மாற்றினால் இவர்களுடைய கண் பார்த்ததே மாறுகிறது. எழுதியவன் பெயர் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

இனி பெரட்டுக்களம். உங்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்காது. பெரட்டு என்றால் விடியுமுன் ஆட்கள் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் வாசிப்பது. அது நடந்த திடல் பெரட்டுக்களம். கோயிலுக்கு எதிரே இருந்தது. களத்தைக் குறுக்கே நடந்து தாண்டினால் கோயில் வாசல். செம்பனை வந்தபின் பக்கத்திலேயே எண்ணெய் மில் கட்டினார்கள். களத்தைத் தோண்டி, மில் கழிவு இறங்கும் குளமாக்கினார்கள். மில் ஆட்கள் மலாயில் அதைக் கோலாம் என்பார்கள், குளம் என்றுதான் பொருள். தமிழ் ஆட்கள் வேடிக்கையாகப் பெரட்டுக்குளம் என்றார்கள். 

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் புனிதன். மில்லில் கொதிகலன் பார்த்தவர். என் தளத்தில் 'பெரட்டுக்களம் தாண்டினால் கோயில்' என்று பழைய ஞாபகத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, வேலை மெனக்கெட்டு வீடு தேடி வந்தார். "அண்ணே, களம்னு போடாதீங்க. இப்ப அது கொளம். மேல ஆடை கட்டி, காஞ்சி, புல்லு மொளச்சிக் கெடக்கு. பாக்க தெடல் மாதிரியே இருக்கும். போன மாசம் மாடு ஒன்னு மேல நடந்து போச்சு. கொஞ்ச தூரம் நல்லாத்தான் போச்சுண்ணே. அப்புறம் மாட்டக் காணோம்." அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. கூடுதலாக ஒரு சொல் இல்லை. அன்றே க-வைக் கு ஆக்கினேன். பெரட்டுக்குளம் தாண்டினால் கோயில். வாக்கியத்தில் வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை. ரோட்டில் சுற்றி வருகிறவருக்கும் அது சரியாகவே வழி சொன்னது. இது சில ஆண்டுக்கு முந்திய கதை. பிறகு மில்லும் மூடிவிட்டது. புனிதன் ஜொகூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்.

இந்த ஆண்டு திருவிழாவுக்கு முன்னால் தளத்தை மறுபடி கட்டினேன். இந்த முறை கைப்பேசியில் படிக்கிறவர்களுக்காக எல்லாவற்றையும் ஒற்றை நெடுவரிசையாக்கினேன். வருகைப் பதிவை எடுத்துவிட்டேன்; அதில் மருந்து விற்கிற விளம்பரங்கள்தாம் வந்துகொண்டிருந்தன. எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். அதில் ஒன்று, பெரட்டுக்குளம். அப்படி ஒரு சொல் எந்த அகராதியிலும் இல்லை. பெரட்டுக்களம் என்பதே சரி.

முதல் நாள் நீங்கள் கேட்டபோது இந்தத் திருத்தத்தைச் சொல்லவில்லை; என் தளத்தில் குளம் என்றுதான் இருக்கிறது என்றேன். தொழில்நுட்பக் கோளாறாக இருக்கலாம், சில கைப்பேசியில் கு-வின் வால் சரியாகத் தெரிவதில்லை என்றும் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். நம்பினீர்களா, களைப்பா என்று தெரியவில்லை. இப்போது மீதியைச் சொல்கிறேன்.

திருத்துவதற்கு முன் நான் அந்த இடத்துக்குப் போயிருந்தேன். தளத்தின் முகப்புக்கு ஒரு புதிய படம் வேண்டியிருந்தது. வெயில் சாயும் நேரம், மில் வாசலில் காரை நிறுத்திவிட்டு நடந்தேன். கம்பி வேலியை யாரோ அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அபாயம் என்று மலாயில் எழுதிய பலகை கொடிக்குள் சாய்ந்து கிடந்தது. அதைத் தாண்டிப் பார்த்தால், பச்சை. புனிதன் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. நான் பையனாக இருந்தபோது பார்த்த களம் அதைவிட மேடும் பள்ளமுமாக இருக்கும். எதிரே கோயில் கோபுரம், புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். பலகை படத்தில் விழாமல் இருக்க ஒதுங்கி நின்று எடுத்தேன். பிறகு ஒரு கல்லை எடுத்து நடுவில் போட்டேன். சத்தம் இல்லை. கல் புல் மேல் உட்கார்ந்திருந்தது. கேமராவைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கல் இல்லை. புல் இருந்தது.

அங்கே வெகு நேரம் நின்றேன். நல்ல அமைதியான இடம்.

வீட்டுக்கு வந்து, படத்தை முகப்பில் வைத்தேன். 'எப்படிப் போவது' பக்கத்தைத் திறந்தேன். வெறும் எழுத்துப்பிழைத் திருத்தம் அல்ல, கூடவே சில வாக்கியங்களையும் சேர்த்தேன். அவை இப்போது நாடு முழுக்கத் தெரியும். ஆனாலும் சரியான பாடம் உங்களிடம் இருக்கட்டும்.

"மில்லைக் கடந்ததும் இடப்பக்கம் பாருங்கள். பெரட்டுக்களம் தாண்டினால் கோயில். வண்டியில் வருகிறவர்கள் ரோட்டைச் சுற்றிப் போவார்கள். நீங்கள் ஒரு முறை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே நடந்து பாருங்கள். இருட்டு விலகாத வேளையில் நம் அம்மாக்கள் வெறுங்காலோடு நின்ற இடம் அது. அந்த மண் இன்னும் நம்மை மறக்கவில்லை."

கடைசி வாக்கியம் கொஞ்சம் மலிவு. தெரிந்துதான் வைத்தேன். சுகுமாறனுக்குப் பிடிக்கிற வகை.

அவன் ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை. திருவிழா அறிவிப்போடு சேர்த்து அந்தப் பத்தியையும் என் படத்தையும் போட்டான். கீழே தன் பெயர். இந்த முறை பெயருக்கு முன்னால் செயலாளர் என்றும் இருந்தது. கமிட்டியில் யாரும் தடுக்கவில்லையா என்று கேட்டீர்கள். அவர்கள் எல்லாரும் வண்டியில் போகிறவர்கள். பந்தலும் ஒலிபெருக்கியும் பார்க்கிறவர்கள். அவன் போடுவதற்கு விருப்பக்குறி போடுவார்கள், படிக்கமாட்டார்கள்.

யாராவது முழங்கால்வரை சேற்றில் இறங்கி, ஊர் நடுவில் அவனைத் திட்டிக் கிழித்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இதை நான் பலமுறை எனக்கே சொல்லியிருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கல்லை நான் பார்த்திருந்தேன் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

திருவிழாவன்று நான் வெள்ளென வந்துவிட்டேன். கோயில் முன்மண்டபத்தில், களத்தைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் வண்டிகளில் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தார்கள். மதியம் ஆனது. ஒருவரும் குறுக்கே வரவில்லை. எனக்குச் சோர்வாக இருந்தது. அவன் சொன்னதுதான் சரி, அவன் பெயர் போட்டால்கூட என் எழுத்தை ஈதான் பார்க்கும் என்று தோன்றியது.

அப்போது எதிர்க்கரையில் மஞ்சள் சேலையில் ஒருவர் நின்றார். மில் வாசலில் வண்டிகள் நெரிசலாகி நின்றுவிட்டதால் மகனை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறார். அது பிறகு தெரிந்தது. நான் பார்த்தது இதுதான்: அவர் கொஞ்சம் நின்றார். கைப்பேசியைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தூரம் என்றுதான் முதலில் சொன்னேன். அவ்வளவு தூரம் இல்லை.

உறுமி மேளம் அடித்துக்கொண்டிருந்தது, கத்தினாலும் கேட்டிருக்காது என்றும் சொன்னேன். அதுவும் சரியல்ல. சாப்பாட்டுக்காக மேளத்தை நிறுத்தியிருந்தார்கள். பின்னால் பந்தியில் சாம்பார் வாளி நகரும் ஓசைகூடக் கேட்டது. கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் யாரையும் அப்படிச் சத்தமாகக் கூப்பிட்டுப் பழகியவன் அல்ல.

அவர் மெதுவாக நடந்தார். பாதத்தை முழுதாகப் பதித்து, ஒவ்வோர் அடியையும் உணர்ந்து நடந்தார். ஒருவர் நான் எழுதியதை இத்தனை கவனமாக வாசித்து நான் பார்த்ததில்லை. என்ன நினைத்தேன் என்று கேட்டீர்களே, அதைத்தான் நினைத்தேன். நடுவில் ஒரு முறை நின்று புன்னகைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அது உறுதியில்லை, எழுத வேண்டாம். பிறகு புல் இருந்தது.

நான் எழுந்து பந்திக்குப் போனேன். சாப்பிட்டேன்.

மகன் வந்து அம்மாவைத் தேடத் தொடங்கியபின்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. தீயணைப்புப் பொம்பாக்காரர்கள் அவரை வெளியே எடுத்தபோது செருப்பு கையிலேயே இருந்ததைப் பார்த்து உங்கள் ஆட்கள் வியந்ததாகக் கேள்விப்பட்டேன். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பத்தியில் அப்படித்தான் இருக்கிறது.

அதற்குள் நான் வீட்டுக்கு வந்து, தளத்தைப் பழையபடி ஆக்கியிருந்தேன். கு-வைத் திரும்ப வைத்தேன், சேர்த்த வாக்கியங்களையும் படத்தையும் எடுத்தேன். சில நிமிட வேலை. நீங்கள் சுகுமாறனைப் பிடித்தபோது, அவன் வாழ்க்கையில் முதல் முறையாக உண்மை சொன்னான்: அது என் எழுத்து இல்லை, அர்ச்சுனண்ணன் சைட்ல இருந்து எடுத்தது. நீங்கள் என் தளத்தைத் திறந்து பார்த்தீர்கள். குளம் என்று இருந்தது. ஜொகூரிலிருந்து புனிதனும் ஃபோனில் சொன்னார், நான்தான் அர்ச்சுனண்ணனிடம் சொல்லித் திருத்த வைத்தேன் என்று. சுகுமாறன் தன் கண்ணாலேயே பார்த்தான். தானே தப்பாக எடுத்து, மீதியையும் தானே எழுதிச் சேர்த்துவிட்டோம் என்று நம்பிவிட்டான். மஞ்சள் ரம்புத்தானை நம்பியவர்கள்தாமே எல்லாரும்.

இதுவரை எல்லாம் நான் நினைத்ததைவிடச் சுத்தமாக நடந்தது. அவன் பக்கத்தில் வந்து காறித் துப்பாதவர் இல்லை. கமிட்டியிலிருந்து நீக்கினார்கள். அவன் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறது என்றார்கள். நான் ஒவ்வொன்றையும் படித்தேன். அதோடு அந்தப் பத்தியும் பரவியது. செய்தித்தாளில் கட்டம் கட்டி, சுகுமாறன் எழுதிய விபரீத அழைப்பு என்று போட்டார்கள். முன்பின் தெரியாத ஓர் ஆசிரியை, "விளைவு கொடுமை, ஆனால் இந்த மனிதர் எழுதத் தெரிந்தவர்" என்று எழுதியிருந்தார். அதை நான் பலமுறை படித்தேன். இந்த மனிதர் என்பது அவன்.

அப்போதும் நான் உங்களிடம் வந்திருக்கமாட்டேன்.

கருமாதிக்கு புக்கிட் பெலண்டோக் போனேன். போகாமல் இருப்பது முறையில்லை. ஜாமீனில் வெளியே வந்திருந்த சுகுமாறனும் வந்தான். யாரோ அவனைப் பிடித்துத் தள்ளப்போனார்கள். அவன் நேரே போய்த் தனலெட்சுமியின் மகன் காலில் விழுந்தான்.

"என்ன அடிச்சுடுப்பா. என் எழுத்துதான் ஒங்கம்மாவக் கொன்னுச்சு. என் எழுத்துதான்."

என் எழுத்து. இரண்டு முறை சொன்னான்.

மகன் அவனை அடிக்கவில்லை. தோளைத் தொட்டுத் தூக்கினான். "எந்திரிங்க மாமா," என்றான். "அம்மா அதப் படிச்சிட்டு அவ்ளோ சந்தோசப்பட்டாங்க. கால் வலின்னு எங்கயுமே வராதவங்க. கார்லயே ரெண்டு தடவ எனக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினாங்க. சுகு எழுதினா போகாம இருக்க முடியலடான்னு சொன்னாங்க."

சத்தமாக. இரண்டு தடவை.

பிறகு பெண்கள் அழுதார்கள். சுகுமாறனுக்கு ஒருவர் நாற்காலி போட்டார். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் பந்தல் ஓரத்தில் நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு பையன் வந்து, "நீங்க யாரு வீட்டு ஆளு தாத்தா?" என்று விசாரித்துவிட்டு வடை கொடுத்தான்.

அங்கிருந்து நேரே உங்களிடம்தான் வந்தேன். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் தண்டனை அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அவனை எனக்குப் பிடிக்காது, ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. மாற்றியதற்கு முந்திய நகலும், மாற்றிய நகலும், மறுபடி மாற்றியதும் தனித்தனியாக வைத்திருக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள். சுகுமாறனை விட்டுவிடுங்கள். அவன் ஒரு வாக்கியம்கூட எழுதியதில்லை. தனலெட்சுமியை அந்தப் புல்லில் இறக்கியவன் நான். தெரிந்து இறக்கினேன், பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மகனுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். பத்தியின் கீழே இருக்கிற பெயரை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். மற்றபடி எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.